கஞ்சி போட்ட கூடாரம்

எங்கள் குடும்பத்துக்கு ஒரே மாப்பிள்ளையாக வாய்த்த அருண்பாண்டி அவர்களுக்கு, தென்காசியிலிருந்து மாமனார் கடற்கரை எழுதிக்கொண்டது. காசிவிசுவநாதர் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை பார்வதியம்மாளும் சௌக்கியம். மதுரையில் நீங்களும் மகள் நிவேதாவும் சௌக்கியமாயிருக்க வேண்டுகிறோம். கூடாரம் சௌக்கியமா என்று மட்டும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். போனில் சொல்லியிருப்பேன், பாதியில் நிவேதா போனைப் பிடுங்கி, "எப்பா, உண்மையச் சொல்லு" என்பாள். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

உங்கள் சரித்திரக் குழு பாளையக்காரர் காலத்தை நடித்துக் காட்ட ஆவணியில் போடப்போகும் பாளைய முகாமுக்கு நைலான் கூடாது, ஜிப் கூடாது, அலுமினியக் கம்பி கூடாது, அந்தக் காலத்து ஆட்கள் தங்கிய மாதிரி பருத்திக் கித்தான் கூடாரம்தான் வேண்டும், மாமாவே பார்த்து முடியுங்கள் என்று பொறுப்பை என்னிடம் விட்டீர்கள். கூடாரம் நல்லபடியாக அமைந்தால் குழுத் தலைவர் பிரின்ஸ் சாரிடம் பேசி, பாளையக்காரர் வேஷத்தை எனக்கே வாங்கித் தருவதாகவும் சொன்னீர்கள். மாப்பிள்ளை, ஆபீசில் காலமெல்லாம் தலையாட்டியே ரிட்டயர் ஆனவன் நான். ஒருநாளாவது நாலு பேருக்கு உத்தரவு போட்டுப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அன்றைக்கே மீசை வளர்க்க ஆரம்பித்துவிட்டேன். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன், அதுதான் இப்போது வினை.

லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் மசூது பாயிடம் போனேன். அவர் முதலில் காட்டியது நீல பிளாஸ்டிக். "அண்ணாச்சி, இது பேரன் காலம் வரைக்கும் கிடக்கும்" என்றார். பாளையக்காரர் நீல பிளாஸ்டிக்கில் படுத்தாரா என்று கேட்டு, கெட்டியான பருத்திக் கித்தானை எடுக்கச் சொல்லி, வெயிலுக்கு நேரே பிடித்து, பொத்தல் பொத்தலாக வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். மரக்கம்பு, பருத்திக் கயிறு, வாசலுக்குக் கட்டுநாடா எல்லாம் சுத்தம். ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்றவரை நான்தான் தடுத்தேன். இதுவரை ஒரு குறை சொல்ல முடியாது.

நீங்கள் சொன்னபடியே, நூல் ஊறி உப்பித் தையல் ஓட்டை அடைபடட்டும் என்று மொட்டை மாடியில் விரித்துச் சாரலில் நனைத்தேன், வெயிலில் காயவைத்தேன். காய்ந்ததும் அது சுருங்கித் துவண்டு, பழைய சாக்கு மாதிரி கிடந்தது. கடைக்குப் போனாலும் கஞ்சி போட்ட வேட்டியில் போகிற ஆள் நான். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. சோப்பு போடக் கூடாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து யோசித்தேன். உங்கள் அத்தைதான் வழி சொன்னாள்: "சோப்பு போடப்பிடாதுன்னுதான சொன்னாவ? கஞ்சி போடப்பிடாதுன்னு சொன்னாவளா?"

நியாயம்தானே? பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வடிகஞ்சி அண்டா அண்டாவாக வீணாகப் போய்க்கொண்டிருந்தது. வாங்கிவந்து, கொஞ்சம் நீலமும் கலந்து முக்கியெடுத்தோம். காய்ந்த பிறகு அந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பே இல்லாமல் நின்றது மாப்பிள்ளை! கதவைத் தள்ளுவதுபோல வாசலைத் தள்ளித்தான் உள்ளே போனேன்.

அந்தப் பெருமையில், இலஞ்சியில் இசக்கி அண்ணாச்சி தோப்பில் வெள்ளோட்டம் வைத்தேன். கூடாரத்தை இழுத்துக் கட்டிவிட்டு, அருவிக்குப் போகலாமென்று உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து நின்றேன், சாரல் பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடினேன். முதலில் கஞ்சி கரைந்து சொட்டியது. ஈரத் துணியில் உள்ளிருந்து கை படக்கூடாது என்று நீங்கள் சொன்னதை மறந்து எண்ணெய் முதுகோடு சாய்ந்தேன், சாய்ந்த இடமெல்லாம் ஒழுகியது. கஞ்சி வாசத்துக்குக் குரங்குகள் வந்து மேலேறி நக்க ஆரம்பித்தன. நக்கி ருசி கண்டதும் கிழித்தன. மழையில் கயிற்றைத் தளர்த்த வேண்டுமாமே, நான் எங்கே தளர்த்தினேன்? கயிறு சுருங்கித் தரையில் அடித்த முளைக்குச்சியைப் பிடுங்கி, கூடாரம், குரங்கு எல்லாம் சேர்ந்து என் தலையில் விழுந்தன. இசக்கி அண்ணாச்சி வந்து உருவி எடுத்தபோது, "என்ன வே, பாளையத்தப் பிடிச்சிட்டானுவளா?" என்று கேட்டார். அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அவமானத்தில் ஈரத்தோடு சுருட்டி ஆட்டோவில் போட்டவன், வீட்டில் பிரித்து உலர்த்த மறந்தேன். பிறகு பிரித்தால் புளித்த வாடை, துணியெல்லாம் கரும்புள்ளிப் பூசணம். இப்போது மாடியில் காய்கிறது. தெருவில் யாரும் ஏனென்று கேட்கவில்லை, மூக்கை மட்டும் பொத்திக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள். வேறு கூடாரம் பாருங்கள். வேஷத்தையும் தகுதியுள்ளவருக்குக் கொடுத்துவிடுங்கள். எனக்கு வருத்தம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதி முடித்ததும் சலூனுக்குப் போய் மீசையை எடுத்துவிடப் போகிறேன். நீங்கள் இருவரும் குற்றாலநாதர் கிருபையில் நூறாண்டு நனையாமல் வாழ்க.

இப்படிக்கு,
மாமனார் கடற்கரை

பி.கு.: மீசையை எடுத்துவிட்டு வந்தால், வாசலில் பிரின்ஸ் சார்! குற்றாலத்தில் குளிக்க வந்தவர் கூடாரத்தைப் பார்க்க நுழைந்திருக்கிறார். மாடியில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பூசணத்தைத் தடவினார், கிழிசலில் விரலை விட்டார், எண்ணெய்க் கறையை மோந்தே பார்த்தார். "மத்த கூடாரமெல்லாம் நேத்து வாங்குன மாதிரி இருக்கு. இதுதான் சண்டைக்குப் போய்ட்டு வந்த கூடாரம். பாளையக்காரருக்கு இதத்தான் போடணும்" என்றார். பிறகு என்னையே பார்த்து, "அருண்பாண்டி சொன்ன மீசைக்கார மாமா எங்க? அவர்தான் பாளையக்காரர்" என்றார். நான் மழித்த மேலுதட்டைத் தடவினேன். உங்கள் அத்தை, "அவிய அருவிக்குப் போயிருக்காவ. இவிய அவியளுக்குத் தம்பி" என்று சொல்லிவிட்டாள். எனவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. வேஷத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வரும்போது நல்லதாக ஒரு ஒட்டுமீசை வாங்கிவாருங்கள். பிரின்ஸ் சார் கேட்டால், எனக்கு ஒரு தம்பி உண்டு என்று சொல்லிவையுங்கள்.