தேகபுரியின் பின்வாசல்

தேகபுரி என்று ஒரு நாடு. மற்ற நாடுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இது நடக்கும், உட்காரும், விருந்துக்குப் போகும். உச்சியில் வழுக்கை விழுந்த குன்றுக்குள் சிரசேந்திரர் அரசாண்டார். அடியில் பின்வாசல் இருந்தது. அதைப் பற்றி அரசவையில் மூச்சுவிடக் கூடாது, மரியாதை போய்விடும். மேல்வாசலில் இட்லி நுழைந்த அழகைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

பின்வாசலுக்கு இரண்டு கதவுகள். உள்கதவு பேச்சியப்ப அண்ணாச்சியின் வசம். அவர் எந்த அரசனுக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. கதவுக்கு உள்ளே இருக்கும் கூடம் நிறைந்து சுவர் புடைத்தால் கதவைத் தளர்த்துவார், இல்லையென்றால் இழுத்து மூடிவிட்டுத் தூங்குவார். ஆணையாவது மண்ணாவது! வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சங்கிலியாண்டி. பாவம், அந்த வட்டாரத்திலேயே அரண்மனை சொல்படி நடப்பவன் அவன் ஒருவன்தான். வெளிக்கதவு தவறித் திறந்தால் தலை போகும். அரசரின் தலை அல்ல, சங்கிலியின் தலை.

இரண்டு கதவுக்கும் நடுவில் ஓர் இடைகழி. அங்கே மூக்காயி உட்கார்ந்திருப்பாள். அண்ணாச்சி கதவைக் கொஞ்சம் தளர்த்தியதும் எட்டிப் பார்ப்பது காற்றா, நீரா, கட்டியா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது அவள் வேலை. காற்று என்றால் சபை நடுவிலும் ஓசைப்படாமல் அனுப்பிவிடலாம். மற்றதென்றால் சங்கிலி இறுக்கிப் பிடிப்பான், அரசர் எழுந்து ஒதுங்கிவிட்டு வருவார். இந்த வழக்கம் இருந்தவரை தேகபுரிக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் சிரசேந்திரருக்கு நாற்காலி ஆசை வந்தது. அண்டை நாடுகளின் பேரவையில் தலைமைப் பதவி காலியாக இருந்தது. அதற்காகக் கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்தார். காலையில் காப்பி உள்ளே இறங்கியதும் குடல் தெருவில் வழக்கம்போல அலை கிளம்பும், கூடம் நிறையும், மூக்காயி சேதி அனுப்புவாள். முதுகுத்தண்டு வழியாக அமைச்சர் நரம்பையா ஓடிவந்து, பிறகு பார்க்கலாம் என்று அரசர் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போவார். சங்கிலி பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பான். வந்தது வந்த வழியே திரும்பிப் போகும். போன இடத்தில் குடல் தெருக்காரர்கள் அதிலிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்வார்கள். அடுத்த முறை அது கல்லாகி வரும்.

தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழுந்திருக்க நேர்கிறது என்று தண்ணீருக்குத் தடை வந்தது. கல் இன்னும் இறுகியது. தேங்கத் தேங்கக் கூடத்தின் சுவர் தளர்ந்து அகன்றது. கூடம் விரிந்துவிட்டது, இதுதான் வளர்ச்சி என்று விழா எடுத்தார்கள். தளர்ந்த சுவருக்கு நிறைவது தெரியவில்லை, அதனால் முறையீடும் குறைந்தது. முறையீடே இல்லாத நாடு என்று நரம்பையா மார்தட்டிக்கொண்டார். வயிற்றூர்க்காரர்கள் மட்டும் உப்பிப்போய், வீட்டுக்குள் கால் நீட்ட இடமில்லாமல் முனகிக்கொண்டிருந்தார்கள்.

மூக்காயி சும்மா இருக்கவில்லை. கல்லைச் சுற்றி நீர் கசிகிறது, ஒருநாள் மானம் போகப்போகிறது என்று சொல்லியனுப்பினாள். நாட்டின் பெயரைக் கெடுக்கிறாள் என்று அவளை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவள் இடத்தில் இன்சொல்லார் என்பவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் எதையும் தொட்டுப் பார்க்கமாட்டார். எது வந்தாலும் காற்று என்பார். சங்கிலிக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் தானும் மூக்காயி பின்னால் போக வேண்டியதுதான் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

சிரசேந்திரர் நினைத்தது நடந்தது. பேரவையின் தலைமை நாற்காலியில் தேகபுரி அமர்ந்தது. வெல்வெட் மெத்தை, சுற்றிலும் மாலைகள், எதிரே அத்தனை நாடுகளும். தேகபுரியில் எவரும் மூச்சுவிட முடியவில்லை என்று அண்டை நாடுகள் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பேச்சை அடக்க ஒரு நல்ல ஆணை வேண்டும் என்று அரசர் யோசித்துக்கொண்டிருக்கையில், கீழே தளர்ந்த சுவருக்கும் உறைக்கும்படி கூடம் அதிர்ந்தது, அண்ணாச்சி கதவைத் தளர்த்தினார். இன்சொல்லார் திரும்பிக்கூடப் பார்க்காமல், காற்று என்று சேதி அனுப்பினார்.

நரம்பையா மூச்சிரைக்க வந்து நின்றார். "அரசரின் ஆணை. இன்றுமுதல் காற்றுக்கு முழு விடுதலை. திற."

சங்கிலி கதவை விடவில்லை. "ஐயா, கதவு கனக்குது. காத்து இப்படிக் கனக்காது. மூக்காயி அக்காவை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுடலாமே."

"கனமான காற்று," என்றார் இன்சொல்லார். "நாட்டின் வளத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

சங்கிலிக்குத் தெரியும். தெரிந்தும், எத்தனையோ காலமாகப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன கை அது. ஆணையே வந்துவிட்டது, நமக்கென்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. விட்டுவிட்டான். அப்பாடா, என்ன ஒரு சுகம்! பிறகு வந்ததைப் பார்த்தான். கல் அசையவில்லை, அதைச் சுற்றித் தேங்கிக் கிடந்ததெல்லாம் வந்துவிட்டது.

உடனே விசாரணை வைத்தார்கள். சுவர் புடைத்தது, அதனால் தளர்த்தினேன் என்றார் அண்ணாச்சி. என்னைக் கடக்கும்போது அது காற்றாகத்தான் இருந்தது என்றார் இன்சொல்லார். மிச்சம் இருந்தது சங்கிலியின் தலை. அதை எடுக்கப் போன நரம்பையா பாதி வழியில் நின்றார். தண்டனை கொடுத்தால் குற்றம் நடந்ததாக ஆகிவிடும். ஆகவே அவன் காதருகே குனிந்து, "வந்தது காற்று. சொல்," என்றார்.

"காத்துதான் ஐயா," என்றான் சங்கிலி. சொன்னபோது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

வந்தது காற்றே என்று சட்டம் போட்டார்கள். அண்டை நாடுகள் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு ஒரு கையால் தொடையைத் தட்டிப் பாராட்டின. நறுமணம் என்றுகூட ஒரு நாடு சொன்னது. அதற்குத் தேகபுரியிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருந்தது. இன்சொல்லாருக்குப் பட்டம் கிடைத்தது.

பேரவை முடிந்தது. எல்லா நாடுகளும் எழுந்து போயின. தேகபுரி எழவில்லை. மறுநாளும் எழவில்லை. தலைமைப் பதவிக்கு அடுத்த தேர்தல் வந்தது, நாற்காலியில் இருந்தபடியே சிரசேந்திரர் நின்றார், ஜெயித்தார். நாட்டுக்காக ஓய்வே எடுக்காத உழைப்பாளி என்கிறார்கள் அவருடைய ஆட்கள். பதவி வெறி என்கிறார்கள் எதிரிகள். கீழே ஊறிக் கிடக்கும் சங்கிலிக்கு இரண்டையும் கேட்டால் சிரிப்பு வருகிறது. அவர் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் மெத்தையை எல்லாரும் பார்த்துவிடுவார்கள்.