டன்கிளாஸ் கோட்டைக்கு நான் போன கதை

மூன்றே சொல் தெரிந்த மொழியில் மனிதன் புலமை காட்டக் கூடாது. எனக்குத் தெரிந்த மூன்றும் கேலிக் மொழிச் சொற்கள். ஸ்கொட்லாந்து மலைவாசிகளின் பழைய மொழி அது. கிளென் என்றால் பள்ளத்தாக்கு, ஸ்ட்ராத் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு, டன் என்றால் மலைக்கோட்டை. அந்த நாட்டுத் துரைமார் நம் தேயிலைத் தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போனதால், கண்டியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் என் வாய்க்கு வேலை இருந்தது. (பக்கத்து சீட்டுக்காரர்கள் தூங்குவதுபோல் நடித்தது அப்போது எனக்குப் புரியவில்லை.)

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதே பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியை துளசியை எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னை. முடிவெடுக்க வேண்டியவர் அவளுடைய அம்மா. டவுனில் சொந்தமாகப் புடவைக்கடை நடத்தியவர். துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பதுபோல் என்னையும் பார்க்க விரும்பி, புசல்லாவைப் பக்கம் கோயிலுக்குப் போன வான் வண்டியில் எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்.

வழியில் ‘டன்கிளாஸ் தோட்டம்’ என்றொரு பலகை. மேலே மேட்டில் இடிந்த கருங்கல் சுவர்கள். வானை நிறுத்தச் சொன்னேன்.

“மாமி, டன் எண்டால் கோட்டை. அங்க பாருங்கோ, கோட்டையே நிக்குது!”

“பேரக் கப்பல்ல கொண்டு வந்திருப்பாங்க. கோட்டையையுமா கொண்டு வந்தாங்க?” என்றாள் துளசி.

கணிதக்காரர்களுக்குக் கற்பனை போதாது. இருவரையும் மேடேற்றினேன். அட்டைகள் எங்கள் காலில் ஏறின. நான் வரலாற்றில் ஏறினேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருந்தன.

“காவல் அறையள். ஒரு அறைக்கு ஒரு வீரன். விடிய விடியக் குந்தியிருந்து காவல் காத்திருப்பினம்.”

தரையில் ஓடிய கான் வாய்க்காலைக் காட்டி, முற்றுகைக் காலத்தில் குடிதண்ணீர் வந்த வழி என்றேன். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். உணர்ச்சி மேலிட்டு ஒரு கல்லைப் பெயர்த்து நெற்றியில் ஒற்றிக்கொண்டேன்.

“ஐயோ தம்பி, அதக் கீழ போடுங்க!” என்று மாமி அலறினார். “நான் பொறந்ததே இந்தத் தோட்டத்துலதான். இது எங்க லயத்துக் கக்கூசு. காலையில வாளியோட வரிசையில நிப்போம். அந்தக் கான்ல ஓடினது குடிதண்ணி இல்ல!”

அம்மா தோட்டத்தில் பிறந்தவர் என்பது துளசிக்கே அன்றுதான் தெரியும். டவுனுக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்திருந்ததை என் நெற்றியைக் காப்பாற்றுவதற்காகப் போட்டு உடைத்துவிட்டார். பிறகு அந்தச் சுவரிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லயத்தில் இருந்தார், எந்த மலையில் கொழுந்து பறித்தார் என்று துளசிக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நெற்றியை எதனால் துடைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

திரும்பி வரும்போது வானில் தீர்ப்புச் சொன்னார்: “இவ்வளவு ஏமாளி பொண்ண ஏமாத்த மாட்டான். கட்டிக்க.”

கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கக்கூசுக்குப் போவதில்லை, கோட்டைக்குத்தான் போகிறோம். சென்ற மாதம் எங்கள் மகள் வகுப்பில் எழுந்து, “டீச்சர், அவசரமா கோட்டைக்குப் போகணும்” என்றிருக்கிறாள். வரலாற்றில் இத்தனை ஆர்வமா என்று பூரித்த டீச்சர், “பெரியவளானதும் போகலாம், உட்காரு” என்றாராம்.

நனைந்த சீருடையோடு வந்த பேத்தியைக் கண்டதும் மாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “மாப்பிள்ள, கோட்டை ஒடஞ்சிருச்சு. துவாய எடுத்துக்கிட்டு வாங்க!”