அம்மாவிடம் ஒரு வார்த்தை

காலைக் கூட்டம் தொடங்கி அரை மணி ஆகியும் ரோஸ்கோ வரவில்லை. அணியின் நட்சத்திர ஆட்டக்காரனே வராதபோது மற்றவர்கள் மட்டும் எதற்கு வரவேண்டும்? பாதி நாற்காலிகள் காலி.

கோச் வெர்லின் டாக்கெட்டுக்கு இது புதிராக இருந்தது. அலபாமாவில் கல்லூரி ஃபுட்பால் அணியை நடத்தியபோது அவர் செருமினாலே பையன்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். இந்த ஒஹையோ அணியில் எல்லாரும் தாடி வைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், அவரைவிட அதிகம் சம்பாதிக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்.

கையில் காபியோடு ரோஸ்கோ ஆடி அசைந்து வந்தான்.

"மைதானத்தைச் சுத்தி ஓடு!"

"முழங்கால் என்னோடது கோச். வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அறையே சிரித்தது.

மறுநாள் நேரத்துக்கு வந்தவர்களின் தலைக்கவசத்தில் கோச் தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினார். கல்லூரியில் அதற்கு அடிதடியே நடக்கும்.

"என் பொண்ணுக்கும் பாலர் பள்ளியில இதேதான் ஒட்டுறாங்க" என்றான் ஒருவன். மாலையில் அத்தனை நட்சத்திரங்களும் கோச்சின் கார் கண்ணாடியில் மின்னின.

அணியின் முதலாளி ஸ்ட்ரேயர் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"காலேஜ் கோச் இங்க தேறமாட்டான்னு அப்பவே சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை தோத்தா மூட்டை கட்டிடுங்க!" என்றவர், ஆட்டக்காரர்களோடு பேசப் போய்விட்டார்.

டாக்கெட் வாசல்பக்கம் வந்து நின்று யோசித்தார். கல்லூரியில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? அங்கே எதுதான் பலித்தது? விசிலா? இல்லை. ஒவ்வொரு பையனையும் சேர்க்குமுன் அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா கையால் சாப்பிட்டு, அவளைத் தன் பக்கம் இழுத்திருந்தாரே, அதுதான்!

மைதானத்தில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த ரோஸ்கோவின் பக்கம் கை காட்டி, காவலாளி ஆப்னரிடம் கேட்டார். "அந்த ஆளோட அம்மா வீடு எங்கப்பா?"

ஆற்றோரத்தில் ஒரு பழைய மரவீடு. அந்த அம்மாள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' என்ற இனிப்புப் பண்டத்தை வெட்டி வைத்தாள்.

"உங்க பையனைப் பத்திதாம்மா பேச வந்தேன். அவர் நேரத்துக்கு வந்தா எல்லாரும் வந்துடுவாங்க."

"சின்ன வயசுலேர்ந்தே அவனை எழுப்புறது பெரும்பாடு தம்பி. இன்னொரு துண்டு வச்சுக்கோ."

சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தாள். "டேய், நாளைக்குக் காலையில எல்லாருக்கும் முன்னாடி நீ அங்க உட்கார்ந்திருக்கணும். இல்ல, நானே வந்து உட்காருவேன்!"

மறுநாள் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. ரோஸ்கோ கைகட்டி, பள்ளிப்பிள்ளை போல் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் முதலாளிகூட ஈரத்தலையோடு தரையைப் பார்த்தபடி இருந்தார். தன்னை வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று டாக்கெட் நினைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் பயிற்சி அமர்க்களமாக நடந்தது. வாரம் முழுக்க அப்படியே. ஞாயிற்றுக்கிழமை வெற்றி!

திங்களன்று டாக்கெட் பூங்கொத்தோடு கிளம்பினார். வாசலில் ஆப்னர் நின்றிருந்தான்.

"யாருக்கு கோச் பூவெல்லாம்?"

"ரோஸ்கோவோட அம்மாவுக்குத்தான். எல்லாம் அவங்க புண்ணியம்!"

ஆப்னர் தலையைச் சொறிந்தான்.

"அவங்க டெக்சாஸ்லதானே இருக்காங்க? நான் உங்களுக்கு வழி சொன்னது நம்ம முதலாளியோட அம்மா வீட்டுக்கு!"