செவலைக்குக் கட்டிய லுங்கி

மாடு விற்கப் படம் எடுப்பவனுக்கு அழகுணர்ச்சி தேவையில்லை. பின்னாலிருந்து மடி தெளிவாகத் தெரிந்தால் போதும். வாங்குகிறவர் மாட்டின் முகத்தையா கறக்கப்போகிறார்?

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சின்னக்கானல் எஸ்டேட் திருவிழா முதல் பொள்ளாச்சிக் கல்யாணம் வரை கேமராவோடு அலைந்தவன், கொழிஞ்சாம்பாறையில் வாடகை அறையில் ஒதுங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு மயிலாத்தாக்கா எனக்கும் சேர்த்துச் சோறு வைப்பார். (கல்யாணம் இல்லாத மாதங்களில் அது மட்டுமே சோறு.) முழங்கால் தேய்ந்து, கோயமுத்தூரில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகவேண்டிய நிலை அவருக்கு. அவர் வளர்த்த செவலைப் பசுவை லிப்டில் ஏற்ற முடியாது.

“அடிக்கிற ஊட்டுக்குப் போயிரக் கூடாதுங்க தம்பி. நல்ல ஊடாப் பாருங்க,” என்றார்.

என் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டால் நாளைக்கே ஆள் வரும் என்று பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். சாயங்காலக் கறவைக்கு முன், மடி நிறைந்து நிற்கையில் எடுத்தேன். எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் எனக்கு அப்படி வெளிச்சம் வாய்த்ததில்லை.

சற்று நேரத்தில் வலைதள நிறுவனத்தார் படத்தை நீக்கிவிட்டார்கள். காரணம்: ஆபாசம். ஐயா, இது மாடு என்று மேல்முறையீடு செய்தேன். என் பொறுமைக்கு நன்றி சொல்லி, முடிவில் மாற்றமில்லை என்றார்கள். (பதில் போட்டது மனிதரோ இயந்திரமோ, பால் காப்பி குடிக்காத ஜென்மம்.)

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. என் கட்டம் போட்ட லுங்கியால் மடியை மறைத்துக் கட்டி, மறுபடி எடுத்தேன். செவலை திரும்பி ஒரு பார்வை பார்த்தது. இந்த முறை படம் நீக்கப்படாமல் நின்றது.

மறுநாள் போன்மேல் போன். எல்லோருக்கும் ஒரே கேள்வி: மடியில் என்ன நோய்? கறவை மாட்டின் மடியை மூடினால் எங்கள் பக்கத்தில் வேறு அர்த்தமே கிடையாது. அக்காவிடம் பால் வாங்கியவர்களும் பாத்திரத்தோடு வேறு வீட்டுக்கு நடந்தார்கள். நேரில் வந்தவர், கறிக்கு மாடு பிடிக்கும் தரகர் மட்டும்தான்.

அவரை அனுப்பிவிட்டு அக்கா என்னிடம் வந்தார். திட்டவில்லை.

“ஏனுங்க தம்பி, இத்தன நாளா அது வெக்கப்பட்டு நின்னுச்சுங்களா?”

ஆத்திரத்தில் அந்த நிறுவனத்தைத் திட்டி எழுதினேன். என் பக்கத்தையே முடக்கினார்கள். கல்யாண வேலைகள் வந்த வழியும் அத்தோடு அடைந்தது. மிச்சமிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை, நடப்பது. செவலையைப் பிடித்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாக நிறுத்தினேன். மண்டபத்தில் சொந்தக்காரர்களை வரிசைப்படுத்தும் அதே குரலில், எல்லோரும் இந்தப் பக்கம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். சிரித்தார்கள், பார்த்தார்கள்.

வேலந்தாவளம் தாண்டி, கமலம் என்றொரு பெண் மடியை அமுக்கிப் பார்த்தார். பிறகு கழுத்தைத் தடவியபடி, “இதைய என்னன்னுங்க கூப்புடுவீங்க?” என்றார். அதுவரை யாரும் பேர் கேட்கவில்லை. அக்காவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். தொழுவத்தையும் கமலத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கயிற்றை அவரே கமலத்தின் கையில் கொடுத்தார்.

இப்போது வலைதளத்தில் வேறு பக்கம் வைத்திருக்கிறேன். ஆனால் கல்யாண வீடுகளில் கேமராவைத் தூக்கினாலே, லுங்கி கொண்டுவரட்டுமா என்று எவராவது கேட்காமல் விடுவதில்லை.

சமீபத்தில் செவலை கன்று போட்டது. கன்று முட்டி முட்டிக் குடிப்பதைப் படமெடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து அழைத்தார்.

“இதைய எங்கயும் போட்றாதீங்க தம்பி. எனக்கு மட்டும் இருக்கட்டும்.”