நான் குந்தியதால் நின்றுபோன ஆட்டம்

எனக்கு எந்த விளையாட்டும் தெரியாது. சின்ன வயதில் கிளித்தட்டில்கூடக் கள்ள ஆட்டம் ஆடி, அளாப்பித்தான் வென்றிருக்கிறேன். ஆனாலும் ஜெர்மனியில் ஓர் ஆட்டத்தையும், அதை நடத்துகிற தலைவரையும், பார்க்க வந்த சனத்தையும் ஒரே இருப்பில் நிறுத்தி வைத்தவள் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (அன்றைக்கு இருந்தது. இப்போது தீர்ந்துபோயிற்று.)

யூரோக் காசு வந்த புதிதில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் சமையல் வேலை செய்தேன். உருளைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற அமெரிக்க விளையாட்டு அது. ஓடியவன் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவான். அதற்குக் கைதட்டுவார்கள்.

நான் ஜன்னல் இல்லாத குசினிக்குள் உருளைக்கிழங்கு உரிக்கிற ஆள். ஆட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கோடையில், ஆட்டங்களை நடத்துகிற லீக்காரர் மைதான ஓரத்தில், பந்தடிக்கிறவனுக்கு நேர் பின்னால், புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அதற்குள் என்னையும், மன்னாரைச் சேர்ந்த யோகத்தையும், ஐசெல் என்ற துருக்கிப் பெண்ணையும் விட்டார்கள். கடைக்குள் எல்லாம் இருந்தது, கதிரையைத் தவிர. நாள் முழுக்க நின்ற நிலையில் பொரிக்க வேண்டும். கதிரை கேட்டோம். இடமில்லை என்றார்கள். நான் சண்டை பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் ஒரு பிடிதான், ஆனால் சத்தமாகத் தெரியும். அதனால் மற்ற இருவரும் என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள்.

தொழிற்சங்கத்திலிருந்து கெல்லர் என்ற ஒல்லி மனிதர் எங்களுக்காகப் பேச வந்தார். ஆட்டம் நடக்கிற நாளிலேயே, லீக் தலைவரோடு கட்டடத்துக்குள் பேச்சு. போகுமுன் என்னிடம் சொன்னார்: பேச்சு முறிந்தால் ‘ஸ்ரைக்’ என்று குரல் வரும். உடனே வேலையை விட்டுவிட்டு, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் போய் இருங்கள்.

அந்தச் சொல்லை எனக்குப் படிப்பிக்க வேண்டுமா? பஸ் ஸ்ரைக், தபால் ஸ்ரைக் எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆட்டம் தொடங்கியது. பொம்மஸ் என்கிற கிழங்குப் பொரியலை எண்ணெய்க்குள் போட்டிருப்பேன், முன்னாலிருந்து ஒரு குரல் இடிமாதிரி வந்தது. “ஸ்ரைக்.”

யோகம் என்னைப் பார்த்தாள். “அக்கா, சொல்லிப்போட்டாங்கள் போலை.”

“ஓம், எனக்கும் கேட்டது.”

“இவ்வளவு கெதியாவோ? அவர் இப்பத்தானே உள்ளுக்குப் போனவர்.”

“அந்தத் தலைவரின்ரை முகத்தைப் பாத்தனியே? உதோடை என்னத்தைப் பேசிறது.”

என்றாலும் பொறுத்தேன். குரல் மறுபடியும் வந்தது. “ஸ்ரைக் ரூ.” (இரண்டாம் தரமும் கூப்பிட்ட பிறகு மானமுள்ள பெண் நிற்பாளா?) அடுப்பை நிறுத்தினேன். கடதாசித் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற மனிதரிடம் “ஸ்ரைக்” என்றேன். அவர் மைதானத்தைப் பார்த்துவிட்டு “யா, யா, ஸ்ரைக்” என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். பொதுமக்கள் ஆதரவும் எங்களுக்குத்தான்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேற். திறந்தால், தலைவாரிவிட்டதுபோலப் புல்வெளி. நடுவில் ஒரு குட்டி மண்மேடு. எல்லாருக்கும் தெரிகிற இடம் இதைவிட வேறெது? மேட்டில் பந்தை வைத்துக்கொண்டு ஒரு நெட்டைப் பொடியன் நின்றான்.

“தம்பி, கொஞ்சம் அரக்கும்” என்றேன். தமிழில்தான். அரக்கி ஒதுங்கினான். நான் மேட்டில் குந்தினேன். யோகம் பக்கத்தில் இருந்தாள். ஐசெல் அகப்பையோடு நின்றாள்.

முகத்தில் கம்பிக்கூடு மாட்டிய நடுவர் ஓடி வந்தார். என்ன வேண்டும் என்றார்.

“ஸ்ரைக்” என்றேன்.

“ஸ்ரைக் உங்களுக்கில்லை, அவனுக்கு” என்று கட்டையோடு நின்றவனைக் காட்டினார். (பந்தை அடிக்காமல் தவறவிட்டவனுக்குச் சொல்கிற ‘ஸ்ரைக்’ வேறென்று எனக்கு அப்போது தெரியாது.)

“அவருக்கும் சேர்த்துத்தான்” என்றேன். பாவம், அவனுக்கும் கதிரை கொடுக்கவில்லை.

சனம் சிரிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குத் தலைவரும் கெல்லரும் வெளியே ஓடி வந்தார்கள். உள்ளே பேச்சு முறியவே இல்லையாம். கதிரை தரலாம் என்று தலைவர் கைகொடுக்கப் போன நேரமாம். இப்போது அவர் முகம் தக்காளி. கதிரையும் இல்லை, வேலையும் இல்லை என்று கத்தினார். அந்த ஜெர்மன் எனக்கு நன்றாக விளங்கியது.

“அக்கா, எழும்புங்கோ. வேலை போகப்போகுது” என்று யோகம் அழுதாள்.

“எழும்பத்தான் பாக்கிறன். முழங்கால் பிடிச்சுப்போட்டுது.”

தலைவர் என் வலது கையைப் பிடித்தார். கெல்லர் இடது கையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரே பக்கம் இழுத்திருந்தால் எழும்பியிருப்பேன். தலைவர் வெளிவாசல் பக்கம் இழுத்தார், என்னைத் துரத்த. கெல்லர் கடைப்பக்கம் இழுத்தார், என் வேலையைக் காப்பாற்ற. என் தலைக்கு மேலே சட்டம், உரிமை, லீக், சங்கம் என்று பெரிய வாக்குவாதம். நடுவில் நான், கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி. ஆட்டக்காரர் ஒவ்வொருவராகப் புல்லில் குந்திவிட்டார்கள்.

கடைசியில் அந்த நெட்டைப் பொடியன் போய் ஒரு மடிப்புக் கதிரையைக் கொண்டு வந்தான். விரித்து எனக்கு முன்னால் வைத்தான். “பிற்ற”, தயவுசெய்து இருங்கள், என்றான். இரண்டு பேரிடமிருந்தும் கையை உருவி, கதிரையைப் பிடித்து எழும்பினேன். எழும்பிய களைப்பில் அதிலேயே இருந்தேன். மைதானமே கைதட்டியது. இத்தனை சனம் கைதட்டிய கதிரையை எந்தத் தலைவர் பிடுங்குவார்? வேலையும் தப்பியது. அடுத்த கிழமை இன்னும் இரண்டு கதிரைகள் வந்தன.

என் மருமகன் இந்தக் குடும்பத்துக்கு வந்தது பிறகுதான். அமெரிக்க பேஸ்போலைக் கொம்பியூட்டரில் பார்க்கிற பைத்தியம். அங்கே ஒரு வருடம் ஆட்டக்காரரே ஸ்ரைக் செய்து இறுதிப் போட்டியே நடக்கவில்லையாம். விளையாட்டைக் கெடுத்தது லீக் தலைவர்கள் என்று இவர் சொல்ல, யூனியன்காரர் என்று கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்த சிநேகிதர் சொல்ல, வீட்டில் தேத்தண்ணி ஆறிப்போகும்.

“மாமியைக் கேளும். ரெண்டு பேருக்கும் நடுவிலை இருந்தவ அவதான்” என்றார் ஒருநாள் மருமகன்.

“ஆரிலை மாமி பிழை?” என்று சிநேகிதர் கேட்டார்.

“ரெண்டு பேரும் நல்ல பலசாலியள் தம்பி. ஒரு பக்கமா இழுக்கத்தான் தெரியேல்லை.”

“அப்ப விளையாட்டு?”

“அது புல்லிலை குந்தியிருந்து பாத்துக்கொண்டிருந்தது.”

இப்போதும் நான் சோபாவிலிருந்து எழும்ப முக்கினால் போதும். என் மனுசன் பேப்பரை விலக்கிவிட்டுக் கேட்பார். “லீக்கைக் கூப்பிடட்டோ, யூனியனைக் கூப்பிடட்டோ?”

நான் கையை நீட்டுவேன். ஒரு கையை மட்டும்.