ஓய்வில் இருக்கும் நாற்காலி

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் நெருப்பு என்பார்கள். பாவம், அவர்கள் பிரபு ஒருவர் வாழ்ந்த, இப்போது டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கிற அந்த மாளிகைக்குப் போனதில்லை. போயிருந்தால் கொஞ்சமும் தயங்காமல், நாற்காலிக்குக் குறுக்கே கட்டிய கயிறு என்று சொல்லியிருப்பார்கள். நாற்காலி செய்வது ஒரு பெரிய காரியமா? நாலு காலும் ஒரு முதுகும் இருந்தால் முடிந்தது வேலை. அதில் ஒருவரும் உட்கார்ந்துவிடாமல் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்வதற்குத்தான் பண்பாடு வேண்டும், நிர்வாகம் வேண்டும், சிவப்புப் பட்டில் முறுக்கிய தடிமனான கயிறு வேண்டும்.

இந்த உயர்ந்த உண்மை தெரியாமல் உள்ளே நுழைந்தவர்களில் ஒருத்தி சட்டையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பெரிய துணிக்கடை ஒன்றில் ஆண்கள் சட்டைப் பிரிவில் நிற்பதால் கடைப் பெண்கள் வைத்த பெயர் இது. 'நிற்பதால்' என்பதைக் கவனிக்க வேண்டும். 'வேலை பார்ப்பதால்' என்று எழுதினால் அது பாதி உண்மைதான். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை அவள் நிற்பாள். வாடிக்கையாளர் வந்தாலும் நிற்பாள், ஈ ஓட்டினாலும் நின்றுகொண்டேதான் ஓட்டுவாள். "விக்கிறவங்க உக்காந்தா வியாபாரம் படுத்துடும்" என்பது முதலாளியின் பொருளாதாரக் கொள்கை. கல்லாவுக்குப் பின்னால், மெத்தை போட்ட சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் அதை வகுத்தார்.

நின்று நின்று அவளுடைய கெண்டைக்கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டு கிடந்தன. "முடிஞ்சப்ப எல்லாம் உக்காருங்கம்மா, இல்லேன்னா பின்னாடி ரொம்பக் கஷ்டம்" என்றார் டாக்டர். நல்ல மனிதர். எங்கே உட்காருவது என்பதை மட்டும் சீட்டில் எழுத மறந்துவிட்டார்.

அவள் கணவருக்கு நேர்மாறான வியாதி. அவர் பேருந்து ஓட்டுநர். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர். விடுமுறை என்றாலே அவருக்குக் கால் இரண்டும் துறுதுறுக்கும், எங்கேயாவது நடந்தே தீர வேண்டும். இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படிக் கிடைத்த ஒரு நாளில்தான் அவர் ஆரம்பித்தார்.

"மாளிகைக்குப் போலாம்மா. தோட்டம் பூரா லைட் போட்டிருக்காங்களாம். ஆற அமர சுத்திப் பாத்துட்டு வருவோம்."

"சுத்துறது இருக்கட்டும். அமர்றதுக்கு இடம் இருக்குமா?"

"என்ன கேள்வி இது? அரண்மனை மாதிரி வீடு. நாற்காலிக்கா பஞ்சம்?"

இந்த வாக்குறுதியை நம்பித்தான் அவள் கிளம்பினாள். போகும் வழியில் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. நுழைவாயிலில் வரிசை மதில் சுவரைச் சுற்றி வளைந்து கிடந்தது. அவள் பொறுத்துக்கொண்டாள். உள்ளே போனதும் முதல் வேலையாக உட்கார்ந்துவிட வேண்டும், அரை மணி நேரத்துக்கு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. அன்றைக்கு அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. நாற்காலிக்குப் பஞ்சமே இல்லை. வரவேற்பறையில் பட்டுத் துணி போர்த்திய நாற்காலிகள் சுவரோரமாக அணிவகுத்து நின்றன. சாப்பாட்டு அறையில் நீண்ட மேஜையைச் சுற்றி இன்னொரு படை, முன்னால் பீங்கான் தட்டும் மெழுகில் செய்த பழமும். இசை அறையில், படிப்பறையில், படிப்பறைக்குள் இருந்த சின்னப் படிப்பறையில், போகிற இடமெல்லாம் நாற்காலி. எல்லாவற்றுக்கும் குறுக்கே கயிறு. கயிற்றில் ஒரு பலகை தொங்கியது:

'தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். இந்த நாற்காலி ஓய்வில் இருக்கிறது.'

சட்டையக்கா அதை இரண்டு தடவை படித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒரு மரச்சாமான் மேல் பொறாமை வந்தது.

"எவ்வளவு நயமா எழுதியிருக்கான் பாரு" என்று வியந்தார் ஓட்டுநர். நேராக நிமிர்ந்து, இடுப்பை இரண்டு பக்கமும் முறித்துவிட்டுக்கொண்டு, அவர் சொர்க்கத்தில் இருந்தார்.

கடைசியாக ஒரு பெரிய கூடம். நடுவில் மேடை. மேடைமேல் சிங்க முகம் செதுக்கிய கைப்பிடியோடு ஒரே ஒரு பெரிய நாற்காலி. பக்கத்துப் பலகை சொன்னது: 'பிரபு தினந்தோறும் காலையில் இதில் அமர்ந்து குடியானவர்களின் குறைகளைக் கேட்பார்.' கேட்டதற்கப்புறம் என்ன செய்வார் என்று போடவில்லை. பலகையில் இடம் போதவில்லை போலும்.

கூடத்துக் காவலர் ஒருவர் சீருடையில் விறைப்பாக நின்றார். மனிதர்கள் நிற்கிற நிற்பிலேயே அவர்கள் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று சொல்லிவிடும் திறமை சட்டையக்காவுக்கு உண்டு. வலது காலிலிருந்து இடது காலுக்குப் பாரத்தை மாற்றி, அவர் அப்போதுதான் ஒரு பெருமூச்சு விட்டார்.

"அண்ணே, இங்க எங்கேயாவது கொஞ்சம் உக்காரலாமா?"

"என்னைக் கேக்குறீங்களேம்மா" என்றார் காவலர். "நானே காலையிலேர்ந்து நிக்கிறேன்."

"உங்களுக்கும் நாற்காலி கிடையாதா?"

"யாரும் நாற்காலியில உக்காராம பாத்துக்கத்தானேம்மா என்னைப் போட்டிருக்காங்க. நானே உக்காந்தா நல்லாவா இருக்கும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்துல ஒரு பெஞ்சு இருக்குன்னு சொல்றாங்க. நான் அந்தப் பக்கம் போனதில்ல. போய்ப் பாருங்க."

தோட்டத்தில் பருவகால ஒளிக்காட்சி அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. வசந்தத்துக்குப் பச்சை பல்பு, கோடைக்கு மஞ்சள், இலையுதிர் காலத்துக்குச் செம்மஞ்சள், குளிருக்கு நீலம். ஆண்டு முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்து பார்க்க வேண்டிய பருவங்களை ஒரே சாயங்காலத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இயற்கைக்கு இந்தச் சுறுசுறுப்பு என்றைக்குமே இருந்ததில்லை. எது செடி, எது ஒயர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ரோஜாக்கள் பல்புகளுக்கு நடுவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. அதுவும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புல்வெளியில் உட்காரப் போனவளை விசில் அடித்து எழுப்பினார்கள், புல்லுக்கடியில் மின்சாரம் ஓடுகிறதாம். படிக்கட்டில் உட்காரப் போனாள், அது அவசர வழியாம். தேநீர்க் கடையைத் தேடிப் பிடித்தாள். அங்கே நெஞ்சு உயரத்துக்கு மேஜை மட்டும் இருந்தது. "முன்னாடி நாற்காலி போட்டிருந்தோம்" என்றான் கடைக்காரன். "போட்டா எல்லாரும் உக்காந்துடுறாங்க."

ஒருவழியாக நீரூற்றுக்குப் பின்னால் பெஞ்சு தெரிந்தது. தங்க நிறத்தில் ஜொலித்தது. சட்டையக்கா கிட்டத்தட்ட ஓடினாள். கிட்டே போனதும்தான் விஷயம் புரிந்தது. அது கம்பியை வளைத்து, கம்பிமேல் பல்பைச் சுற்றிய பெஞ்சு. பிரபுவும் அவர் மனைவியும் மாலை நேரங்களில் அமர்ந்திருந்த கல் பெஞ்சு அங்கேதான் இருந்ததாம். ஒளிப் பெஞ்சை மறைத்ததால் அதைத் தூக்கிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள் என்று பலகை பெருமையோடு தெரிவித்தது.

பெஞ்சுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை. வரிசையை ஒழுங்குபடுத்த ஒலிபெருக்கியோடு ஓர் இளைஞன்.

"அடுத்த குடும்பம் வாங்க. பல்புமேல படக் கூடாது. உக்காந்த மாதிரி நில்லுங்க. சார், இன்னும் கொஞ்சம் முட்டியை மடக்குங்க. அம்மா, முகத்துல நிம்மதியைக் காட்டுங்க."

குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து, தொடை நடுங்க, பல்லைக் கடித்து, நிம்மதியைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

"வாம்மா, நாமளும் ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார் ஓட்டுநர்.

அவளும் மடக்கினாள். மடக்கிய மாத்திரத்தில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிப் பிடித்துக்கொண்டது. வலியில் உயிர் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அருமையான எக்ஸ்பிரஷன் மேடம்" என்றான் இளைஞன்.

அதற்குமேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விந்தி விந்தி நேராக மாளிகைக்குள் நடந்தாள். ஓட்டுநர் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் போனதைக் கவனிக்கவில்லை. பெரிய கூடத்தில் காவலரைக் காணவில்லை. அவரும் மனிதர்தானே, கழிவறைக்குப் போயிருந்தார். சட்டையக்கா மேடை ஏறினாள். கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். உள்ளே நுழைந்து, கடைப் பழக்கம் விடாமல், கொக்கியை ஒழுங்காகத் திரும்ப மாட்டினாள். பிறகு உட்கார்ந்தாள்.

அப்பாடா.

அவள் சந்தோஷப்பட்டாள். இதை வேறு வார்த்தையில் சொல்ல வழியில்லை. கணுக்காலிலிருந்து கழுத்துவரை உடம்பில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. பிறந்ததிலிருந்து தன்னை யாரோ பிடித்து நிறுத்தி வைத்திருந்து, இப்போதுதான் கையை விட்டதுபோல இருந்தது.

நாற்காலியின் மகிமை சாமானியமானதா? அவள் உட்கார்ந்த சற்று நேரத்தில் ஒரு பெரியவர் மேடைக்கு முன் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டார்.

"மேடம், ஆண்கள் டாய்லெட்ல தண்ணி வரலை."

"பாத்துக்கலாம் சார்" என்றாள் சட்டையக்கா. கடையில் எல்லாவற்றுக்கும் அவள் சொல்லும் பதில் அது. பெரியவர் திருப்தியோடு போனார். அவருக்குப் பின்னால் குழந்தையோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றிக் குமுறிக்கொண்டு ஒருவர் என்று தானாகவே ஒரு வரிசை உருவாகிவிட்டது. நீ யார் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. உட்கார்ந்திருக்கிறாளே, அது போதாதா?

காவலர் திரும்பி வந்தவர் பேயைக் கண்டதுபோல நின்றார்.

"எந்திரிங்கம்மா. யாராவது பாத்தா என் வேலை போயிடும்."

"ரெண்டே நிமிஷம்ணே. கால் மரத்துப் போச்சு. இப்ப எந்திரிச்சா விழுந்துடுவேன்."

காவலர் அவள் காலைப் பார்த்தார். புடைத்த நரம்புகளைப் பார்த்தார். அப்புறம் அவளுக்கு முன்னால் வந்து, கைகளை அகட்டி, அவளை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து உருப்படியாக ஒரு காரியத்துக்காக நின்றது அப்போதுதான். அதற்குள் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றிக் குமுறியவர் போய் அலுவலகத்தில், "உள்ள உக்காந்திருக்கிற மேடம் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க" என்று தெரிவித்திருந்தார்.

விசாரணை உடனடியாக நடந்தது. அலுவலகத்தில் மூன்று சுழல் நாற்காலிகள். ஒன்றில் நிர்வாகக் குழுத் தலைவர், ஒன்றில் ஒளிக்காட்சிப் பொறுப்பாளர், நடுவில் பாரம்பரியப் பாதுகாப்பு அதிகாரி. எதிரே சட்டையக்கா, காவலர், விஷயம் கேள்விப்பட்டு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்த ஓட்டுநர். அனுமதியில்லாமல் உட்கார்ந்த குற்றத்துக்கான விசாரணை என்பதால் மூவரையும் நிற்க வைத்தே நடத்தினார்கள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா?" என்றார் அதிகாரி. குரல் தழுதழுத்தது. "பிரபுவுக்கு அப்புறம் அதுல ஒருத்தரும் உக்காந்ததில்ல."

"மன்னிச்சுக்கங்க சார். கால் வலி தாங்கலை. இவர்மேல ஒரு தப்பும் இல்லைங்க."

"உங்க கால் வலி நாளைக்குப் போயிடும். நாற்காலிக்கு வந்த வலி?"

தலைவர் கண்களை மூடித் தலையசைத்தார். ஒளிக்காட்சிப் பொறுப்பாளர், ஒளிப் பெஞ்சு இருக்கும்போது மக்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று உண்மையிலேயே மனம் வருந்தினார். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இனிமேல் காவலர் கழிவறைக்குப் போகும்போது நாற்காலியைத் தக்க நபரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. தக்க நபர் யார் என்பதை முடிவுசெய்ய அடுத்த கூட்டம் கூடும்.

ஓட்டுநருக்குக் காலை மாற்றி மாற்றி வைத்தும் முடியவில்லை. சுவரில் மெதுவாகச் சாய்ந்தார்.

"சாயாதீங்க, பழைய பூச்சு" என்றார் அதிகாரி.

அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து, மனைவியின் காலைக் குனிந்து பார்த்தார். "தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய கை வந்து அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டது.

சட்டையக்கா அதிகாரியைப் பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? பிரபு அந்த நாற்காலியில உக்காந்து குறை கேப்பாருன்னு போட்டிருக்கு. குறை சொல்ல வந்தவங்க எங்க உக்காந்தாங்க?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இவ்வளவு அறிவுபூர்வமான கேள்வியைப் பார்வையாளர் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"நல்ல கேள்வி. அவங்க உக்காரலை, நின்னாங்க. விடிகாலையில வந்து பொழுது சாயிறவரைக்கும் நின்னிருக்காங்க. எங்க ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. அதனாலதான் அந்தக் கூடத்துல வேற நாற்காலியே போடலை. எதையும் மாத்தக் கூடாதுங்கிறது எங்க கொள்கை. அன்னிக்கு எப்படி இருந்ததோ, இன்னிக்கும் அச்சு அசலா அப்படியே."

சட்டையக்கா சுழல் நாற்காலிகள் மூன்றையும் பார்த்தாள். தன் பக்கத்தில் நிற்கிற இருவரையும் பார்த்தாள். பிறகு, சட்டையைப் பிரித்துப் போட்டு வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே பணிவான குரலில் சொன்னாள்:

"ரொம்ப நல்லாப் பாதுகாத்து வச்சிருக்கீங்க சார்."

"நன்றி" என்றார் அதிகாரி, நெகிழ்ந்துபோய். "ஒவ்வொரு நாற்காலியும் எங்களுக்குப் பெத்த புள்ளை மாதிரி."

"நாற்காலியைச் சொல்லலைங்க" என்றாள் அவள். "எங்களைச் சொன்னேன்."