திருமூர்த்தி துப்பாக்கி வாங்கப் போன கதை

துப்பாக்கி வாங்கியே தீருவது என்று திருமூர்த்தி சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் வீட்டுக் கராஜின் நடுவில் நின்றுகொண்டு.

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிக் குடிவந்த நாளிலிருந்து அங்கே ஒரு குண்டூசிகூடக் காணாமல் போனதில்லை. அன்றைக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பிய அவசரத்தில் கராஜ் கதவை மூட மறந்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் இலை ஊதுகிற மெஷினைக் காணோம். சைக்கிளைக் காணோம். கோயமுத்தூரிலிருந்து கப்பலேறி வந்த வெட் கிரைண்டர் மட்டும் கராஜுக்கு முன்னால் டிரைவ்வே நடுவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. திருடன் அதையும் தூக்கிப் பார்த்திருக்கிறான். நாலடி வைத்ததும் இடுப்பு பிடித்திருக்கும். இது என்ன சாமான், இதை யாரிடம் விற்பது என்பதும் விளங்கியிருக்காது.

"பாத்தியா நாகு! நம்ம பொருளை ஒருத்தன் பட்டப்பகல்ல சுட்டுட்டுப் போயிருக்கான். இனி விடறதா இல்லை. அவன் சுட்டா நானும் சுடுவேன்!"

"நீங்க இதுவரைக்கும் ஒரு தோசைகூடச் சுட்டதில்லீங்களே," என்றாள் நாகமணி, கிரைண்டரை முந்தானையால் துடைத்தபடி.

"அப்பா, யூ லெஃப்ட் த டோர் ஓப்பன்," என்றாள் மகள் ரோஷினி. ஏழாம் வகுப்பு. உண்மையை ஒளிக்கத் தெரியாத வயசு.

"அது வேற விஷயம் கண்ணு. நீ உள்ள போ."

வீட்டில் பெரிய யுத்தம் வரும் என்று திருமூர்த்தி எதிர்பார்த்தான். நாகமணிக்கு ஆபீசில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள். அதே வேலையை வீட்டில் இலவசமாகச் செய்கிறாள். அதனால் சாயங்காலம் முழுக்க அறையில் நடந்து நடந்து வாதங்களைத் தயார் பண்ணினான். குடும்பப் பாதுகாப்பு, அரசியல் சட்டம், சிட்டிசன் ஆனதன் பயன் எல்லாம் வரிசையாக நின்றன. தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான்.

"வாங்கிடலாமுங்க," என்றாள் நாகமணி, அவன் வாயைத் திறப்பதற்குள்.

"என்னது?"

"துப்பாக்கி. வாங்கிடலாமுங்க. ஆனா முறையா வாங்கோணும். கடைக்குப் போயி வெங்காயம் பொறுக்கற மாதிரி பொறுக்கிட்டு வர முடியாதுங்க. மொதல்ல பழகோணும். ரெண்டு பேரும் பிகினர்ஸ் கிளாஸ் போலாம். சனிக்கிழமைக்கு புக் பண்ணிட்டேன்."

வாதம் எல்லாம் வீணாய்ப் போனதில் திருமூர்த்திக்கு ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது. இருந்தாலும் வெற்றி வெற்றிதான். உடனே ரெண்டு வீடு தள்ளியிருக்கும் கிட்டுசாமிக்குப் போன் போட்டான். கிட்டுசாமி உடுமலைப்பேட்டைக்காரர். ரகசியம் சொன்னால் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற தாராள மனசு.

"மாப்ளே, ஆம்பளைன்னா நீதான்யா! எங்க வீட்ல வான்மதிகிட்ட தண்ணித் துப்பாக்கி வாங்கக்கூடப் பர்மிஷன் கிடைக்காது!"

படுக்கப் போவதற்குள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப் முழுக்கச் செய்தி பரவியது. மறுநாள் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவனை யாரோ, "என்ன ஷெரிஃப், சௌக்கியமா?" என்று கூப்பிட்டார்கள். கௌபாய் படத்துப் போலீஸ் பட்டம் ஒட்டிக்கொண்டது. திருமூர்த்தி நடையை மாற்றிக்கொண்டான். இடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கையை உடம்பிலிருந்து கொஞ்சம் அகட்டியே வைத்து நடந்தான்.

சனிக்கிழமை வந்தது. முன்பக்கம் துப்பாக்கிக் கடை, பின்பக்கம் சுடப் பழகுகிற ரேஞ்ச். கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள் விதவிதமாகப் படுத்திருந்தன. திருமூர்த்தியின் கண் இருப்பதிலேயே பெரியதில் போய் நின்றது. வெள்ளி நிறத்தில், கிட்டத்தட்ட ஒரு முழ நீளத்துக்கு இருந்தது.

"அது எதுக்கு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள் கிளாஸ் எடுக்கும் டார்லீன். ஆறடி உயரம். கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி. டெக்சாஸ் ஆங்கிலத்தை ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுத்துப் பேசினாள்.

"வீட்டைப் பாதுகாக்க."

"முன்னாடி சுட்டுப் பழக்கம் உண்டா?"

"உண்டு," என்றான் திருமூர்த்தி.

"தீபாவளிக்கு, பொட்டு வெடி," என்று நாகமணி நல்ல ஆங்கிலத்தில் விளக்கினாள்.

டார்லீன் அந்தப் பெரியதை எடுத்துக் காட்டக்கூட இல்லை. "கண்ணுக்குப் பிடிச்சதை வாங்கக்கூடாது சார், கைக்குப் பிடிச்சதைத்தான் வாங்கணும். இன்னிக்கு வாடகைக்கு எடுத்துச் சின்னதுல ஆரம்பியுங்க. இன்னும் ரெண்டு மூணு தடவை வந்து வேற வேற சுட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா வாங்கிக்கலாம்."

பிறகு விதிகளைச் சொன்னாள். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், உள்ளே குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக்கூடாது. சுடப்போகும் நொடி வரை விரல் விசைக்கு வெளியேதான். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடவே கூடாது. திருமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். நாகமணி கேள்வி கேட்டாள்.

"வீட்டுக்குள்ள சுட்டா, குண்டு சுவத்துல நின்னுக்குமா?"

"நிக்காது மேடம். இங்கத்திச் சுவர் அட்டைதானே. அடுத்த ரூமுக்குப் போகும்."

அடுத்த ரூம் ரோஷினியுடையது. நாகமணி திருமூர்த்தியைப் பார்த்தாள். திருமூர்த்தி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான்.

உள்ளே போகும் முன் டார்லீன் கடைசியாக ஒன்று சொன்னாள். "சட்டைக் கழுத்துப் பட்டனைப் போட்டுக்குங்க." திருமூர்த்தி போடவில்லை. மைனர் செயின் தெரிய வேண்டும் என்றுதான் திறந்தே விட்டிருந்தான். நாகமணி போட்டோ எடுப்பாள் அல்லவா?

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. கையில் சின்னத் துப்பாக்கி. எதிரே தூரத்தில் மனித உருவம் வரைந்த காகிதம். முதல் குண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். காகிதத்துக்குச் சேதமில்லை. ரெண்டாவது கூரைப் பக்கம் போனது. மூன்றாவது சுட்டபோது துப்பாக்கி துப்பிய காலித் தோட்டா, பழுக்கக் காய்ந்த பித்தளைக் கூடு, நேராக வந்து திறந்திருந்த சட்டைக் கழுத்து வழியே உள்ளே இறங்கியது.

"அய்யோ அம்மா!"

நெஞ்சு பொசுங்கியது. திருமூர்த்தி ஒரு கையால் சட்டையை உதறிக்கொண்டே குதித்துத் திரும்பினான். இன்னொரு கையும் கூடவே திரும்பியது. அது பாதி திரும்புவதற்குள் டார்லீனின் கை இரும்பு மாதிரி அவன் மணிக்கட்டைப் பிடித்து, காகிதத்தின் பக்கமே அழுத்தி நிறுத்தியது. மறு கையால் துப்பாக்கியை வாங்கிக் குண்டுகளை வெளியே எடுத்து வைத்தாள்.

அத்தனையும் கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் திருமூர்த்தி ரெண்டு விஷயத்தைப் பார்த்துவிட்டான். அவன் கை போய்க்கொண்டிருந்த திசையில் நாகமணி நின்றிருந்தாள். அவன் விரல் விசைமேலேயே இருந்தது.

டார்லீன் திட்டவில்லை. "இதுக்குத்தான் சார் விதி," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. திருமூர்த்தி வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான். உள்ளே நாகமணி தன் முறைக்குச் சுட்டாள். அவள் குண்டு ஒன்று காகிதத்தின் ஓரத்தைக் கிழித்தது. மற்றதெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் முகமெல்லாம் மலர வெளியே வந்தாள்.

வீடு திரும்பும் வழியில் திருமூர்த்தி, ஃப்ரீவேயில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே தீர்மானித்துவிட்டான். செத்தாலும் அந்தச் சனியன் வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனால் ஊருக்கு என்ன பதில் சொல்வது? பயந்துவிட்டேன் என்று ஷெரிஃப் சொல்ல முடியுமா? அதற்கு ஒரே வழிதான் இருந்தது. நாகமணி தடுக்க வேண்டும். பெண்டாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றால் உலகத்தில் எந்த ஆணும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டான்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தான்.

"நாகு, யோசிச்சுப் பாத்தேன். வளர்ற பொண்ணு இருக்கற வீடு. ஆபத்தில்லையா? நீ வேண்டாம்னா நான் வற்புறுத்த மாட்டேன்."

"அதுக்குத்தான் பெட்டி பாத்து வெச்சிருக்கேனுங்க. கைரேகை வெச்சாத்தான் திறக்குமாம். குண்டுக்குத் தனியா ஒரு பெட்டி. நீங்க கவலைப்படாதீங்க."

அடுத்த நாள் வேறு பக்கமாக வந்தான். "ஊர்ல ஜோசியர்கிட்டப் பேசினேன். எனக்குச் செவ்வாய் சரியில்லையாம். ஆயுதம் ஆகாதாம்."

"செவ்வாய் சரியில்லைன்னா புதன்கிழமை வாங்கிக்கலாமுங்க."

"உங்கம்மா லீவுக்கு வர்றாங்களே, பயந்துக்க மாட்டாங்களா?"

"அம்மாகிட்டச் சொல்லிட்டேனுங்க. நம்ம மாப்பிள்ளைக்கு இம்புட்டுத் தைரியமான்னு பூரிச்சுப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்றாங்களாம்."

வாரம் முழுக்க இப்படியே போனது. வேண்டும் என்று ஆரம்பித்தவன் வேண்டாம் என்று கெஞ்சினான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் வாங்கியே தீருவேன் என்று நின்றாள். அவன் போட்ட ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் ஆபீஸ் வேலை மாதிரி நிதானமாக நீக்கினாள். திருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. துணி துவைக்கிற மெஷின் சத்தம் போட்டால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கிட்டுசாமி, தலையில் புத்தம்புதுக் கௌபாய் தொப்பியோடு. பின்னால் அவர் மனைவி வான்மதி.

"கிளம்பு ஷெரிஃப்! நாகமணிதான் கூப்பிட்டுச்சு. முதல் துப்பாக்கி வாங்கற நல்ல காரியம், நாங்க இல்லாமலா?"

நாகமணி கைப்பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். திருமூர்த்தி ஷூ போட உட்கார்ந்தான். லேஸ் கையில் நிற்கவில்லை. ஒரு தடவை கட்டினான், அவிழ்ந்தது. மறுபடி கட்டினான். எல்லோரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வேண்டாம்," என்றான்.

"என்ன மாப்ளே?"

"துப்பாக்கி வேண்டாம். அன்னிக்கு அது உன் பக்கம் திரும்புச்சு நாகு. விரல் விசைமேலயே இருந்துச்சு. அந்தம்மா பிடிக்காம இருந்திருந்தா..." லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "எனக்குத் திருடனைக் கண்டு பயமில்லை. என் கையைக் கண்டுதான் பயமா இருக்குது. ஊர்ல என்ன வேணாலும் சொல்லிக்கட்டும்."

கிட்டுசாமி மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"அப்பாடா!" என்றார். "மாப்ளே, நீ நல்லா இருப்பே. நீ வாங்கிட்டா அடுத்து என்னைத்தானே கேப்பாங்கன்னு ஒரு வாரமா எனக்கு வயித்தைக் கலக்கிட்டிருந்துச்சு."

அவர் சோபாவில் தொப்பென்று விழுந்து சிரித்த சிரிப்பில் திருமூர்த்திக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று புரண்டு இறங்கியது போல இருந்தது. நாகமணி கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். டபராவோடு காபி வந்தது. ஏற்கனவே டிகாக்‌ஷன் போட்டு வைத்திருக்கிறாள்!

"இந்த ஒரு வார்த்தைக்காகத்தானுங்க காத்துட்டு இருந்தேன்," என்றாள்.

"அப்போ உனக்கும் வேண்டாமா? ஒரு வாரமா என்னைப் போட்டு வாட்டினியே!"

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா, ஆயுசுக்கும் 'நாகு விட்டிருந்தா அன்னிக்கே வாங்கியிருப்பேன்'னு சொல்லிக் காட்டுவீங்க. இப்போ வேண்டாம்னது யாருங்க?"

"நான்தான்," என்று ஒப்புக்கொண்டான் திருமூர்த்தி. காபி அமிர்தமாக இருந்தது. அன்று மத்தியானமே தானாக மூடிக்கொள்கிற கராஜ் கதவுக்கும் வாசல் கேமராவுக்கும் ஆர்டர் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

மறு சனிக்கிழமை காலை அவன் போர்வையை இழுத்துப் போர்த்தபோது, நாகமணி குளித்துத் தயாராகி எதிரே நின்றாள்.

"நான் ரேஞ்சுக்குப் போயிட்டு வர்றேனுங்க. டார்லீன்கிட்ட லேடீஸ் கிளாஸ். நானும் வான்மதியும் சேந்துட்டோம். வாராவாரம்."

போர்வை பறந்தது. "வேண்டாம்னு முடிவாயிடுச்சேடி!"

"வீட்டுக்குத்தானுங்க வேண்டாம். துப்பாக்கி அவங்களோடது, அங்கயே பூட்டி வெச்சிருவாங்க. எனக்குச் சுடறதெல்லாம் பெருசில்லீங்க. ஆனா அந்தக் காதுமூடியை மாட்டினதும் ஒரு அமைதி வருது பாருங்க! கல்யாணமான நாள்ல இருந்து அப்படி ஒரு அமைதியை நான் அனுபவிச்சதில்லை. 'நாகு, என் சாக்ஸ் எங்க'ன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. கேட்டாலும் காதுல விழாதுங்க. அப்புறம், ரோஷினிக்கு ஸ்விம்மிங் இருக்குது, நீங்க விட்டுட்டு வந்துருங்க. வந்ததும் சாம்பார் வெச்சிருங்க."

வெளியே வான்மதியின் கார் ஹாரன் அடித்தது. நாகமணி போய்விட்டாள். திருமூர்த்தி சமையலறைக்கு ஓடினான். ஒரே மாதிரி மூடி போட்ட டப்பாக்கள் வரிசை வரிசையாக அவனைப் பார்த்தன. ஒன்றைத் திறந்தான், கடலைப்பருப்பா துவரம்பருப்பா தெரியவில்லை. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் டிரைவ்வேக்கு ஓடினான்.

"நாகு! துவரம்பருப்பு இதுவா? நாகு!"

கார் நகர்ந்தது. நாகமணி ஜன்னல் வழியே சிரித்துக் கையாட்டினாள். இளஞ்சிவப்பில் புதிதாக வாங்கிய காதுமூடியை அவள் வாசற்படி இறங்கும்போதே மாட்டியிருந்தாள்.